மணல் முதல் டேப்லெட் வரை: பள்ளிக்கூடப் பையில் இருந்தது என்ன?



ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் நம் வளாகத்தின் வாட்ஸ்அப் குழு சூடாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்துப் பள்ளி ஒன்றின் சுற்றறிக்கைதான் காரணம். ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாள் சொந்த டேப்லெட்டோ லேப்டாப்போ வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதில் இருந்தது. காலத்துக்கேற்ற முடிவு என்றார்கள் சிலர். இருக்கிற கண்ணும் கெட்டுவிடும் என்றார்கள் சிலர். இரண்டு நாளில் குழு அடுத்த விஷயமான தண்ணீர் லாரிக்குப் போய்விட்டது.

ஆனால் எங்கள் பிளாக்கில் வீட்டு வேலை செய்யும் பெண்மணிக்கு விஷயம் அதோடு முடியவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டில், குலுக்கலில் இடம் கிடைத்து, அவருடைய மகனும் அதே பள்ளியில்தான் படிக்கிறான். "பழசா ஒரு டேப் இருந்தா சொல்லுங்கம்மா, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா காசு குடுத்துடறேன்" என்று என் மனைவியிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தை எழுத வைத்தது. படிக்கும் கருவியை யார் கொண்டுவர வேண்டும், பிள்ளையா பள்ளியா? இது இன்று நேற்று எழுந்த கேள்வி இல்லை. அதன் கதையில் ஒரு முக்கியமான கட்டம் நம் எழும்பூரில்தான் நடந்தது.

எழும்பூரில் ஒரு தட்டு மணல்

1787-ல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் மதராசுக்கு வந்தார். 1789-ல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் பொறுப்பு அவருக்கு வந்தது. ஒருநாள் காலை குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளி ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். 'மலபார் பள்ளி' என்று அவர் குறித்தது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தைத்தான். அக்காலத்து ஐரோப்பியர்கள் தமிழரையும் அப்படித்தான் அழைத்தார்கள்.

பெல் இதைத் தன் பள்ளியில் செய்து பார்க்கச் சொன்னார். ஆசிரியர்கள் மசியவில்லை. பிறகு ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு நீயே மணலில் எழுத்துச் சொல்லிக்கொடு என்றார். அது நன்றாகவே நடந்தது. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் இந்த முறையைப் பெல் 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது; அங்கே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் மணல் தட்டு வந்தது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833-ல் திறக்கப்பட்ட பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். நம் திண்ணைச் சட்டாம்பிள்ளையின் வாரிசு அங்கே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணலுக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு விலையில்லை, தப்பாக எழுதினால் அழித்துவிடலாம், ஒருவன் மணல் இன்னொருவன் மணலைவிட உசத்தி இல்லை.

ஓலை வந்ததும் வித்தியாசமும் வந்தது

மணலில் எழுத்துப் படிந்த பிறகு பிள்ளைக்கு ஓலையும் எழுத்தாணியும் வரும். இங்கேதான் 'சொந்தக் கருவி' தொடங்குகிறது. ஓலையை வாரி, நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்து அரிச்சுவடி, எண்சுவடி என்று கட்டுவார்கள். ஆசிரியர் முதலில் எழுதித்தருவார், பிள்ளை அதன்மேலேயே எழுதிப் பழகும். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய மை தடவுவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிச் சுவடி. ஒவ்வொன்றும் தன் வேகத்தில் படிக்கும். ஒரே திண்ணையில் ஒருவன் 'அ'னா எழுதுவான், இன்னொருவன் பெருக்கல் வாய்பாடு சொல்வான்.

1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, உள்ளூர்ப் பள்ளிகள் எத்தனை என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். மாகாணத்தில் பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498 இருப்பதாக விடை வந்தது. பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குவதில் இருந்த சிக்கனத்தை பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் பாராட்டி எழுதினார். ஆனால் வறுமை கூடியதால் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாமல் போகிறது என்றும் அதே அறிக்கையில் சொன்னார்.

இந்தக் கணக்கைப் பெருமையோடு மேற்கோள் காட்டுவோர், அதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கணக்கில் வந்த 1,88,650 மாணவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் திண்ணையில் இடமே இல்லை. கருவி மலிவாக இருந்தும் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை.

சிலேட்டும் ஜியாமெட்ரி பாக்ஸும்

அடுத்து வந்த சிலேட்டு உங்களில் பலருடைய சொந்தக் கதை. ஆந்திராவின் மார்க்காபூர்ப் பக்கம் வெட்டிய கல், மரச்சட்டம், சட்டத்தின் ஓரத்தில் பேர். பலகை வெளுத்துப்போனால் கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்துத் தேய்ப்போம். குச்சி தீர்ந்தால் பக்கத்துப் பையனிடம் பாதி உடைத்து வாங்குவோம். சிலேட்டு உடைந்த அன்று வீட்டில் கிடைத்த அடியும் சிலருக்கு நினைவிருக்கும்.

பிறகு மைப்பேனா. பிறகு காம்பஸும் டிவைடரும் வைத்த தகர டப்பா. ஜியாமெட்ரி பாக்ஸ் இல்லாமல் கணக்கு வகுப்பில் எழுந்து நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! கேட்க எளிமையான பொருள்தான். ஆனால் அது இல்லாததைக் காட்டி ஒரு பிள்ளையை வகுப்புக்கு நடுவில் நிற்கவைக்க முடிந்தது. தமிழ்நாடு அரசு பிற்பாடு பாடநூல், சீருடை, நோட்டுகளோடு புத்தகப் பையையும் ஜியாமெட்ரி பாக்ஸையும் விலையில்லாமல் தரத் தொடங்கியதற்குப் பின்னால் இப்படி நின்ற பிள்ளைகளின் அனுபவம் இருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த அறை

கணினி வந்ததும் கதை திரும்பியது. கருவியின் விலை குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால் அது பள்ளியின் சொத்தானது. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகளைத் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்குக் கொடுத்தது. தூசி பட்டால் கெட்டுவிடும் என்று செருப்பை வாசலில் விட்டு, ஏ.சி. அறைக்குள் வரிசையாகப் போய், ஒரு கணினிக்கு மூன்று நான்கு பேர் உட்கார்ந்த தலைமுறை இப்போது நம் சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிறது. விசைப்பலகை எப்போதும் கை வேகமான பையனிடம்தான் இருக்கும். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தோம்.

அதே காலத்தின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் எதிர்த் திசையில் ஒரு முயற்சி நடந்தது. 1990-ல் மெல்பர்ன் நகரின் மெதடிஸ்ட் லேடீஸ் காலேஜ் என்ற பெண்கள் பள்ளி, ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு மாணவிக்கும் சொந்த லேப்டாப் என்று முடிவெடுத்தது. முதல்வர் டேவிட் லோடர். பணம் பெற்றோருடையது. சொந்தக் கணினியோடு வகுப்புக்கு வரும் ஏற்பாட்டின் தொடக்கமாக உலகம் இதைத்தான் சொல்கிறது. அது வசதியானவர்களின் தனியார் பள்ளி என்பதையும் மறக்க வேண்டாம்.

இதையே பொதுப்பணத்தில் செய்தது அமெரிக்காவின் மெய்ன் மாநிலம். 2002-ல் அரசுப் பள்ளிகளின் ஏழாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் லேப்டாப் கொடுத்தார்கள். உருகுவே நாடு 2007-ல் தொடங்கி 2009-க்குள் அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்து முடித்தது. பெருவும் அதே வகை மலிவு லேப்டாப்புகளைக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பியது. ஆனால் 2012-ல் வெளியான ஆய்வில், அங்கே கணக்கிலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகளின் தேர்ச்சி கூடியதாகத் தெரியவில்லை. பெட்டி வந்தது, அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று ஆசிரியருக்குப் போதிய பயிற்சி வரவில்லை.

நம் மாநிலத்தின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஐந்தாண்டுகளில் சுமார் 68 லட்சம் பேருக்கு என்பது அறிவிப்பு. வீட்டில் முதல் கணினியாக அதைப் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ. கல்லூரிப் படிப்பு முழுவதும் அதை வைத்தே முடித்தவர்களை எனக்குத் தெரியும். அதே சமயம், பள்ளி வகுப்பறையில் அது பெரிதாகத் திறக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கொரோனா காட்டியது

2020-ல் பள்ளிகள் மூடியபோது, எந்த விவாதமும் இல்லாமல், ஒரே வாரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொந்தக் கருவி கட்டாயமாகிவிட்டது. 2009-ல் பள்ளிக்குள் செல்போன் வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்ட சிபிஎஸ்இயின் பள்ளிகளே செல்போனில் நடந்தன. 2021-ல் எடுத்த 'ஏசர்' ஆய்வின்படி, நாட்டில் பள்ளியில் சேர்ந்திருந்த கிராமப்புறப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அப்படிப் போன் இருந்த வீட்டிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளையின் கைக்கு அது வரவில்லை. அப்பா வேலைக்கு எடுத்துப் போயிருப்பார், அல்லது அண்ணனின் வகுப்பு முதலில் நடக்கும்.

நம் வளாகத்திலும் பார்த்தோமே. காவலாளியின் மகள் கீழே கிளப் ஹவுஸ் படிக்கட்டில் உட்கார்ந்து நம் வைஃபையில் வகுப்பு கேட்டாள். பாஸ்வேர்டு மாற்றியபோது யாரும் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் நமக்கே தெரிந்தது.

அந்தச் சமயத்தில் சிங்கப்பூர் என்ன செய்தது என்று பாருங்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் 2028-க்குள் சொந்தக் கருவி என்றிருந்த திட்டத்தை 2021-க்கே முன்னிழுத்தார்கள். பிள்ளையின் பேரில் அரசு பணம் போட்டுவரும் 'எடுசேவ்' கணக்கிலிருந்து வாங்கலாம். ஏழைக் குடும்பத்துக்குக் கூடுதல் மானியம் உண்டு. கருவிக்குள் பள்ளியின் கட்டுப்பாட்டு மென்பொருள் இருக்கும். வகுப்பில் விளையாட்டுத் திறக்காது. கருவி பிள்ளையுடையது, ஏற்பாடு அரசினுடையது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பிரான்ஸ் 2018-லேயே சட்டம் போட்டுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் செல்போனைத் தடுத்தது. கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய விருப்பப்படி வருகிறது என்று கேட்டு 2023-ல் யுனெஸ்கோ ஓர் அறிக்கையே வெளியிட்டது.

நாம் கேட்க வேண்டியவை

கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2010-ல் வகுத்த விதிகளில் ஒரு வரி உண்டு. 25 சதவீத இடத்தில் சேர்ந்த பிள்ளைக்குப் பாடநூல், எழுதுபொருள், சீருடை ஆகியவை இலவசம். எழுதுபொருள் என்றால் எது? மணல், ஓலை, சிலேட்டு, நோட்டு எல்லாமே அதுதான். பள்ளியே கட்டாயப்படுத்தும் டேப்லெட் மட்டும் எப்படி வேறாகும்? இதற்கு விடை சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் பெற்றோர் சேர்ந்து ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். மூன்றே கேள்விகள் போதும். கருவி இல்லாத பிள்ளைக்கு அந்த மூன்று நாளும் பள்ளி என்ன தரும்? ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்? அந்தச் செயலிகளில் சேரும் பிள்ளைகளின் விவரம் யாரிடம் போகிறது? 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலைச் சேர்க்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

இன்னொரு வேலை நம் கையிலேயே இருக்கிறது. உங்கள் பரணிலும் அலமாரியிலும் ஓடுகிற நிலையில் பழைய டேப்லெட், லேப்டாப் இருந்தால், உங்கள் கோப்புகளை அழித்துவிட்டு, சார்ஜருடன் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நம் வளாகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். நூலக அறையின் வைஃபையை மாலை 5 மணி முதல் 8 மணி வரை அந்தப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். நீங்களும் வந்து கை தூக்குங்கள்.

பாஸ்வேர்டு மாறினால் இந்த முறை முதலில் அவர்களிடம் சொல்லிவிடுவோம்.