இருட்பொருளும் குறு உடுமண்டலங்களும்

1938ஆம் ஆண்டில், ஹாவாட் வான்காட்சிச்சாலையின் தலைவராக விளங்கிய ஹாலோ ஷாப்லி என்பார், அச்சாலை தென்னாபிரிக்காவிலே நடத்திவந்த நிலையத்தில் எடுக்கப்பெற்ற ஒளிப்படத் தட்டுகளிலிருந்து, மங்கிய துகட்படலம் போன்றதொரு விண்மீன் கூட்டத்தை அறிவித்தார். சிற்பி என்னும் உடுத்தொகுதியின் திசையிற் காணப்பட்டமையின் அது அப்பெயரையே பெற்றது. அவ்வாண்டிலேயே உலை என்னும் தொகுதியிலும் அத்தகைய மற்றொன்று வெளிப்பட்டது. நமது பால்வீதியைச் சூழ்ந்து திரியும் குறு உடுமண்டலங்கள் இவையாம். பேருடுமண்டலங்களின் சுருள் வடிவங்களில் உள்ளந்தோய்ந்திருந்த வானியலாருள் இவற்றைப் பெரிதென மதித்தோர் சிலரே. இவற்றில் வாயு அரிது. புதிய உடுக்கள் பிறக்கும் ஆரவாரம் இல்லை. இவ் வறுமையே பின்னாளில் இவற்றின் பெருஞ்சிறப்பாக மாறியமையை ஈண்டு ஆராய்வாம்.

உடுமண்டலங்களில் நாம் காணும் பொருள் மாத்திரமே உளதாயின், அவற்றின் ஈர்ப்பு அவற்றைக் கட்டிவைக்கப் போதாது என்ற ஐயம் 1933இல் சுவிக்கி என்பவரால் எழுப்பப்பட்டது. 1970களில் வேரா றூபின் அம்மையாரும் கென்ற் போட் என்பவரும் செய்த அளவைகள் அவ்வையத்தை வலியுறுத்தின. காணப்படாத அப்பொருளை இருட்பொருள் என்பர். அஃது ஒளியை உமிழ்வதுமில்லை, விழுங்குவதுமில்லை. தெளிந்த கண்ணாடியினும் தெளிவாக ஒளியை ஊடுசெல்ல விடுவது. பெயரிட்டோர் இன்னுஞ் சற்றுச் சிந்தித்திருக்கலாம்.

குறு மண்டலங்களை இவ்வாராய்ச்சிக்குள் இழுத்துவந்தவர் மாக் ஆரன்சன் என்னும் அமெரிக்க வானியலார். திரேக்கோ என்னும் குறு மண்டலத்தில் மூன்றே மூன்று உடுக்களின் வேகங்களை அவர் அளந்து, 1983இல் வெளியிட்டார். அவ்வேகங்களிடையே காணப்பட்ட பரம்பல் செக்கனுக்கு ஏறத்தாழ 6.5 கிலோமீற்றர். அற்ப அளவெனத் தோன்றும். ஆயின் அம்மண்டலத்தின் சொற்ப ஒளிக்கு ஏற்ற திணிவு மாத்திரமே ஆங்கிருப்பின், இப்பரம்பல் இதனினும் மிகச் சிறிதாதல் வேண்டும். மூன்று உடுக்களைக்கொண்டு இத்துணைப் பெரிய முடிபைக் கூறலாமோ எனின், அத்துணிவு சற்று மிகையே. எனினும், பின்னர் நூற்றுக்கணக்கான உடுக்களை அளந்தோரும் அம்முடிபையே உறுதிசெய்தனர். ஆரன்சன் அவற்றையெல்லாங் காணக் கொடுத்துவைக்கவில்லை. 1987இல் வான்காட்சிச்சாலையிலே நேர்ந்த விபத்தொன்றில், தமது 36ஆம் வயதில், உயிர் நீத்தார்.

இனிக் காமாக் கதிர்களின் தொடர்பை நோக்குவாம். இருட்பொருட் டுணிக்கைகள் இரண்டு மோதி ஒன்றையொன்று அழிக்கும் இயல்பின எனின், அவ்வழிவிலிருந்து காமாக் கதிர் பிறத்தல் கூடும் என 1978இல் கன் முதலியோரும் ஸ்ரெக்கர் என்பாரும் தனித்தனியே எடுத்துக்காட்டினர். அடர்த்தி இருமடங்காயின் மோதல் நான்மடங்காகும். ஆதலின் பால்வீதியின் மையமே தேடற்கு உகந்த இடமென எவருங் கூறுவர். ஆனால் அம்மையம் சந்தைக்கூச்சல் நிறைந்தது. வாயுவும் துடிப்புடுக்களும் வெடித்த உடுக்களின் எச்சங்களும் அங்கே காமாக் கதிரைச் சொரிகின்றன. குறு மண்டலத்திலோ இருட்பொருளையன்றிப் பேசுவார் எவருமிலர். ஆங்கொரு குரல் கேட்பின் அது யாருடையது என்னும் வழக்கிற்கு இடமேயில்லை.

2008ஆம் ஆண்டு யூன் மாதத்தில் விண்ணிற் செலுத்தப்பட்ட பேர்மித் தொலைக்காட்டி, ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்துக்கொரு முறை வான் முழுவதையும் நோக்குவது. அடுத்த ஆண்டிலேயே, அதன் தரவுகளை ஆராய்ந்த குடினஃப், ஹூப்பர் ஆகிய இருவர், பால்வீதி மையத்தில் விளக்கவொண்ணாத காமாக் கதிர் மிகுதியொன்று உளதென்றும், அஃது இருட்பொருளின் அடையாளம் ஆகலாமென்றும் கூறினர். துடிப்புடுக்களே காரணம் என மறுத்தாரும் உளர். சான்று பகரக் குறு மண்டலங்கள் அழைக்கப்பட்டன. 2015இல் பேர்மிக் குழுவினர் 15 குறு மண்டலங்களின் ஆறாண்டுத் தரவுகளை ஒருங்கு சேர்த்து ஆராய்ந்தனர். குரல் எழவில்லை. புரோத்தனைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கிற்குக் குறைந்த திணிவுடைய துணிக்கைகள், ஆதியண்டத்தின் கணக்கு வேண்டும் வீதத்தில் அழிந்து குவாக்குகளாக மாறுமெனின், அது கேட்டிருத்தல் வேண்டும்.

அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே ஒரு பரபரப்பும் நிகழ்ந்தது. சிலி நாட்டுத் தொலைக்காட்டியொன்றின் படங்களில் ரெற்றிக்கியூலம் 2 என்னும் புதிய குறு மண்டலம் வெளிப்பட்டது. அதன் தொலைவு ஏறத்தாழ ஓரிலட்சம் ஒளியாண்டே. அதிலிருந்து காமாக் கதிரின் குறி தென்படுகிறதென ஒரு குழுவினர் அறிவித்தனர். பேர்மிக் குழுவினரோ, திருத்திய தரவுகளை நோக்கி, குறிப்பிடத்தக்க மிகுதி ஏதும் இல்லையென்றனர். ஒரே தொலைக்காட்டி, ஒரே மண்டலம், இரு தீர்ப்பு. இரண்டாவதே ஏற்கத்தக்கதென எமக்குத் தோன்றுகிறது; முன்னவர் கண்ட குறியும் ஐயத்தை அகற்றுமளவு வலிதன்று.

எனினும் மௌனத்தை அளவிறந்து நம்பலும் ஆகாது. செகூ 1 என்னும் மண்டலத்தை, லா பல்மாத் தீவிலுள்ள மாஜிக் தொலைக்காட்டிகள் 158 மணித்தியாலம் நோக்கியும் யாதுங் கண்டில. ஆனால் அதன் ஒளி சில நூறு சூரியர்களின் ஒளியளவே. அதற்குரியனவென எண்ணப்பட்ட உடுக்களுட் சில நமது பால்வீதிக்குரியனவாயின், அதன் இருட்பொருட் கணக்கு முழுவதும் ஆட்டங்காணும். ஆகவே இன்னும் பல குறு மண்டலங்கள் வேண்டப்படுகின்றன. அவற்றைக் கண்டெடுக்கும் என எதிர்பார்க்கப்படும் வான்காட்சிச்சாலையொன்று சிலி நாட்டு மலையுச்சியில் 2025ஆம் ஆண்டு தனது முதற் படங்களை வெளியிட்டது. அதற்கு வைக்கப்பட்டுள்ள பெயர் வேரா றூபின்.