அசையாதே என்ற கட்டளை

தேயிலைப் பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்ட பெண்ணின் கை என்றும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. முதுகிலே கூடை, முகத்திலே புன்னகை, விரல் நுனியிலே ஒரு தளிர். ஊவா மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்ணை ஒரு நாளேனும் அருகில் நின்று பார்த்தவர்க்கு இப்படத்தின் பொய் உடனே விளங்கிவிடும். அவளுடைய கை நிற்பதே இல்லை. இரு கைகளும் செடியின் தலைமேல் மாறி மாறி ஓடுகின்றன. கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலாகக் கூடைக்குள் பறக்கிறது. அதற்குள் கால் அடுத்த செடிக்கு இடம் பெயர்ந்துவிடுகிறது. உழைப்பு என்பது அசைவு. அந்த அசைவைக் களைந்துவிட்டு உழைப்பாளியை மட்டும் நமக்குக் காட்டுகிறது அந்தப் படம்.

இது தற்செயலாக நேர்ந்ததா? ஓடும் காலையும் பாயும் உடலையும் படமாக்கும் வித்தை உலகில் தோன்றி நூற்றைம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. அவ்வித்தை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று? நம் தோட்டத்து லயங்களின் வாசலுக்கு அது ஏன் இவ்வளவு காலம் வந்து சேரவில்லை? பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் எனக்கு, கமராவைப் பிடிக்கத் தொடங்கிய பின்புதான் இக்கேள்விகள் எழுந்தன. அவற்றுக்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

*

மலையகத்தின் கோப்பிக் காலமும் புகைப்படத்தின் ஈரத்தகட்டுக் காலமும் ஏறத்தாழ ஒன்றே. 1851இல் ஆங்கிலேயரான ஆர்ச்சர் வெளியிட்ட முறைப்படி, கண்ணாடித் தகட்டிலே மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள் கமராவில் வைத்து, ஒளி காட்டி, இருட்டறைக்குள் கொண்டுபோய்க் கழுவி முடிக்க வேண்டும். இத்தனையும் ஒரு கால்மணி நேரத்துக்குள். தகடு ஒளியை வாங்கச் சில விநாடிகள் பிடிக்கும். அந்த விநாடிகளில் எது அசைந்தாலும் அது புகைபோலக் கலைந்துவிடும். ஆகவே, “அசையாதே” என்பது முதலில் கருவியிட்ட கட்டளை.

1860களிலும் 1870களிலும் கொழும்பில் ஸ்கீன் நிறுவனமும் கண்டியில் சார்ல்ஸ் ஸ்கோவனும் இந்நாட்டின் மலைகளையும் தோட்டங்களையும் மக்களையும் படமாக்கி விற்றனர். 1890இல் பிளாட்டே நிறுவனம் கொழும்பில் தோன்றியது. வாங்கியவர்கள் தோட்டத்துரைமாரும் கப்பலில் வந்திறங்கிய பயணிகளுமே. தோட்டத்திலே கருவியின் கட்டளை துரையின் கட்டளையோடு கைகோத்துக்கொண்டது. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாய் நிற்கப் பழக்கப்பட்டவர்களைக் கமராவின் முன்னே வரிசையாய் நிறுத்துவது கடினமா என்ன?

அக்காலத்தின் தலைசிறந்த புகைப்படக் கலைஞருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் டிக்கோயாப் பகுதியில் அவர் இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலய மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். 48 வயதில் பரிசாகக் கிடைத்த கமராவைக் கொண்டு, தகடுகளைப் பாழாக்கிப் பாழாக்கித் தம் கையாலேயே தொழில் கற்றவர் அவர். இங்கிலாந்திலே டெனிசன், டார்வின் முதலியோரின் முகங்களைப் பெயரோடு பதித்த அதே கை, இங்கே பதித்த படமொன்றின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர் குழு’. டார்வினுக்குப் பெயர் உண்டு. குடியானவருக்குக் குழுதான் உண்டு. கமரன் அம்மையாரின் கலையுள்ளத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கலையுள்ளத்தாலும் தாண்ட இயலாத வேலி ஒன்று அன்று இருந்தது என்பதையே சுட்டுகிறோம்.

*

அந்த வேலியைக் கருவியின் குறை என்று சொல்லித் தப்பிக்க 1878க்குப் பின் வழியில்லை. அவ்வாண்டு கலிபோர்னியாவில், பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தை விட்டு எழுகின்றனவா என்ற கேள்விக்கு எட்வர்ட் மைபிரிட்ஜ் விடை கண்டார். ஓடுபாதையோரம் பன்னிரண்டு கமராக்களை வரிசையாய் வைத்தார். குறுக்கே கட்டிய நூல்கள் குதிரை ஓட ஓட அறுந்து, ஒவ்வொரு கமராவையும் இயக்கின. விநாடியின் மிகச் சிறு துணுக்கொன்றில் குதிரை அந்தரத்திலே நின்றது. 1882இல் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர், துப்பாக்கி வடிவிலமைந்த கருவியால் ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படங்களாகப் பறவையின் பறப்பைப் பிடித்தார். 1925இல் கைக்கடக்கமான லைக்கா கமரா விற்பனைக்கு வந்தபின், அசைவு எந்தத் தெருவிலும் அகப்படலாயிற்று.

குதிரைக்குப் பன்னிரண்டு கமரா வைக்கப் பணம் கொடுத்தவர் லீலண்ட் ஸ்டான்பர்ட் என்ற புகையிரதப் பாதை முதலாளி. அவருடைய நிறுவனத்தின் பாதையை மலைகளைக் குடைந்து அமைத்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சீனத் தொழிலாளர். 1869 மே 10ஆந் திகதி, பாதை பூர்த்தியான நாளில் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படத்திலே அவர்களைத் தேடினாலும் காண்பது அரிது. குதிரையின் குளம்பு எப்படி அசைகிறது என்று அறிய அவாவியவர்களுக்கு, சம்மட்டி பிடித்த கை எப்படி அசைகிறது என்று அறியும் ஆவல் எழவில்லை.

நம் மலைகளிலும் இதுவே நடந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். தம்பேத்தன்னையில் தொழிற்சாலை எழுந்தது. தேயிலைக் கூடையோடு அமைதியாக நிற்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் விளம்பரங்களில் உலகைச் சுற்றியது. அவள் வியர்த்தால் தேநீர் கசந்துவிடும் அல்லவா? இப்பொழுது அசையாதே என்று சொன்னது கருவியல்ல, சந்தை.

அசைந்தவர்கள் இல்லாமலா போயினர்? 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கெனக் குழு அமைத்து வேலைநிறுத்தம் செய்தனர். அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையே பறித்தனர். தேயிலைப் பொட்டலத்துப் பெண்ணின் உடன்பிறந்தவர்கள்தாம் அவர்கள். எனினும் என் மாணவர் அறிந்த படம் பொட்டலத்துப் படம் ஒன்றே.

*

வேறிடங்களில் இவ்வேலியைப் பிரித்தவர்கள் உண்டு. 1926இல் ஜேர்மனியில், தொழிலாளர் வாழ்வைத் தொழிலாளரே படமாக்க வேண்டுமென்று ஒரு படப் பத்திரிகை அறைகூவியது. தொழிலாளர் புகைப்படச் சங்கம் தோன்றியது. ஆலை வேலை முடிந்து வந்தவர்கள் ஒருவருக்கொருவர் இருட்டறையில் தொழில் கற்பித்தனர். நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் அச்சங்கம் நசுக்கப்பட்டது. நியூயோர்க்கில் 1936இல் தோன்றிய போட்டோ லீக், குறைந்த கட்டணத்தில் ஏழை இளைஞர்களுக்குக் கமராவைக் கற்பித்தது. வகுப்பறையில் சிறிது நேரம், தெருவிலே நெடுநேரம் என்பதே அதன் பாடமுறை. 1947இல் அரசு அதனை நாசகார இயக்கங்களின் பட்டியலில் சேர்த்தது. 1951இல் அது மூடப்பட்டது. ஏழை கையில் கமரா இருப்பதை ஆள்வோர் எவ்வளவு கூர்மையாகக் கவனித்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? இந்தியாவிலே சுனில் ஜானா 1943 வங்கப் பஞ்சத்தைப் பொதுவுடைமைக் கட்சியின் பத்திரிகைக்காகப் படமாக்கினார். மக்களோடு நடந்து நடந்தே அவர் அத்தொழிலில் தேர்ந்தார்.

நம் பதுளையில் அத்தகைய பள்ளி இருந்ததில்லை, ஸ்டூடியோ இருந்தது. கடைவீதி ஸ்டூடியோ ஒன்றில் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த பெரியவர் ஒருவரிடம் நான் கற்றேன். இரண்டு ஆண்டுகள் மருந்துத் தட்டுகளைக் கழுவிய பின்னரே தம் முதலாளி கமராவைத் தொட விட்டார் என்பார் அவர். அவர் கண்ட தோட்டத்து முகங்களிற் பெரும்பாலானவை கடவுச்சீட்டுக்காக வந்தவை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் மக்களின் பிரசாவுரிமையைப் பறித்தது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. போக வேண்டியவர்கள் குடும்பம் குடும்பமாகப் பதுளைக்கு இறங்கி வந்து, திரைச்சீலையின் முன் அசையாமல் நின்றார்கள். “அழுதா படம் கலங்கிப் போயிரும்னு சொல்லித்தான் மாஸ்டர் நிறுத்துவேன்” என்றார் அவர் ஒரு நாள். 1983 யூலையில் பதுளைக் கடைவீதி எரிந்தபோது அந்த நெகட்டிவ்களும் எரிந்தன.

*

நான் அவரிடம் போனது ஒரு தோல்வியை எடுத்துக்கொண்டுதான். எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரவல் கமராவோடு நின்றேன். நூறு மீற்றர் ஓட்டத்தில் வெற்றிக் கயிறு விழுந்திருந்தது; ஓடியவள் படத்தில் இல்லை. மூடுபனியில் எடுத்த படங்களில் பனி சாம்பலாகவும் பிள்ளைகளின் முகங்கள் கரியாகவும் இருந்தன.

பெரியவர் புத்தகம் எதையும் திறக்கவில்லை. என்னைப் பதுளைப் பஸ் நிலையத்தில் நிறுத்தினார். படம் எடுக்காமலே, போகிற பஸ்ஸோடு கமராவைத் திருப்பச் சொன்னார். “கையால துரத்தாதீங்க மாஸ்டர், இடுப்பால துரத்துங்க” என்றார். கால்கள் ஊன்றி நிற்க, உடல் இடுப்பிலிருந்து திரும்ப, பஸ் சட்டத்துக்குள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மூன்று சனிக்கிழமைகள் அதுவே பாடம். பிறகு மோட்டார் சைக்கிள். பிறகு ஓடும் பிள்ளைகள். ஓட்டத்தை உறைய வைக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். உயரம் பாய்பவனுக்கோ, உச்சியிலே உடல் ஏறுவதை நிறுத்தி இறங்கத் தொடங்கும் கணம் ஒன்றுண்டு. அங்கே இருநூற்றைம்பதில் ஒரு பங்கே போதும். முடிவுக்கோட்டில் ஆள் வந்தபின் பொத்தானை அழுத்தினால் ஆள் போய்விடுவான். கோட்டின் மீது முன்கூட்டியே குவியம் வைத்து, அவன் வருவதற்கு ஓர் அடி முன்னே அழுத்த வேண்டும். ஆகவே ஆட்டத்தை அறிந்தவனே ஆட்டத்தைப் படமெடுக்க முடியும்.

மூடுபனியின் புதிருக்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பனிச்சறுக்குப் பலகை விளையாட்டைப் படமெடுக்கக் கற்பிக்கும் நூலொன்று என் கைக்கு எட்டியது. உறைபனியை வாழ்நாளிற் காணாத எனக்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் எண்ணினேன். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்பிள்ளைகளுக்காக இரண்டு சறுக்குக் கட்டைகளை ஒன்றாகப் பிணைத்ததிலிருந்து வளர்ந்தது அவ்விளையாட்டு. சறுக்குமலை விடுதிகள் பல நெடுங்காலம் அதற்கு இடங்கொடுக்க மறுத்தன. 1998இல் ஜப்பானின் நாகனோவில் அது ஒலிம்பிக் போட்டியாயிற்று. அதைப் படமெடுப்பவனும் சறுக்கத் தெரிந்தவனாகவே இருக்க வேண்டும்; கமராவைச் சுமந்துகொண்டு அந்தச் சரிவில் அவனே இறங்க வேண்டும். கற்பிப்பவனும் மாணவனைச் சரிவிலேயே நிறுத்திக் கற்பிக்கிறான். அவன் சொல்லும் முதற்பாடம் இது: கமராவின் ஒளியளவி உலகம் முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே எண்ணிக் கணக்கிடும், பனி வெண்மையாகத் தெரிய வேண்டுமானால் அது சொல்வதைவிட ஒன்று இரண்டு படி அதிக ஒளியை அனுமதிக்க வேண்டும். நமுனுகுலை மூடுபனிக்கும் இதுவே விதி. கருமுகங்களுக்கு இது இன்னும் பொருந்தும். வண்ணப் படச்சுருளின் காலத்தில், நிறத்தைச் சரிபார்க்கும் அட்டைகள் நெடுநாள் வெள்ளைப் பெண்ணின் முகத்தையே அளவுகோலாகக் கொண்டிருந்தன. நம் பிள்ளைகளின் முகம் கரியானதற்கு அவர்களின் நிறம் காரணமன்று. கருவியின் கணக்கே காரணம்.

அந்நூலில் என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு பெயர்கள் இருந்தன: பாய்ந்தவன் பெயர், படமெடுத்தவன் பெயர். அவையும் பலகை விற்க உதவும் படங்கள்தாம். ஆயினும் விளையாடுபவனுக்குப் பெயர் உண்டு. அடிவயிறு குளிர மலையேறி, அட்டை கடிக்கக் கொழுந்து பறிப்பவளுக்கு ஏன் இல்லை? 1,000 ரூபா நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் வரும்வரை ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. உலகம் அறிந்திருந்ததோ சிரித்தபடி சும்மா நிற்கும் ஒரு பெண்ணை மட்டுமே. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள்மேல் மண் சரிந்தபோது கமராக்கள் பல வந்தன. அப்பொழுதும் நாம் படமெடுக்கப்பட்டோம்.

*

அடுத்த ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டியை நான் படமெடுக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்தார்கள். அவர்களையும் வீதியோரம் நிறுத்தி, பஸ்ஸைத் துரத்தப் பழக்கியிருந்தேன். அவர்களுள் ஒரு மாணவி, விடுமுறை நாளொன்றில் தாயோடு மலைக்குப் போய் எடுத்த படத்தைக் கொண்டுவந்தாள். விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தது. தாயின் முகம் தெளிவாயிருந்தது. விரல்கள் பறவைச் சிறகு போலக் கலைந்திருந்தன. ஒரு பிடி கொழுந்து தோளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எப்பொழுது அப்பிடி பறக்கும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “அம்மாவோட கூடவே போயிருக்கேன் சேர், கை நெறஞ்சா தெரியும்” என்றாள். தாய் அப்படத்தைப் பார்த்துச் சொன்னது, “இந்த மலை கவ்வாத்துக்கு வந்திருச்சே” என்பதுதானாம்.

தன் அழகைத் தேடாமல் தன் தொழிலை அங்கே கண்டாள் அத்தாய். ஒரு படத்துக்கு இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

ஆசிரியத் தோழர்களே, இது பெருஞ்செலவுக்குரிய காரியமன்று. பல பிள்ளைகளின் வீட்டில் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. அதிலே கமரா இருக்கிறது. இல்லாதது, பக்கத்தில் நின்று கைபிடித்துக் காட்டும் ஒருவர். நம் நகரங்களின் பழைய ஸ்டூடியோக்காரர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்கள் கையிலுள்ள தொழில் அவர்களோடு போய்விடக்கூடாது. அவர்களைப் பாடசாலைக்கு அழையுங்கள். விளையாட்டு மைதானத்தில் தொடங்குங்கள்; மலைக்கு வழி பிள்ளைகளுக்கே தெரியும். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு பெயர்களை எழுதச் சொல்லுங்கள். எங்கள் பாடசாலைச் சுவரில் அந்தத் தாயின் பெயரும் மகளின் பெயரும் அவ்வாறே எழுதப்பட்டிருக்கின்றன.