காசி வானின் தீக்கோளமும் ஊராரின் சாட்சியமும்

கொல்லங்கோட்டு மாலை வானில் இன்று ஒரு தீக்கோளம் பாய்ந்தால், கண்டவர் சொல்லை எவரும் எள்ளுவதில்லை. ஆனால் விண்ணிலிருந்து கல் விழும் என்பதை ஐரோப்பிய அறிவுலகம் ஏற்று இரு நூற்றாண்டுகளே ஆகின்றன. அந்த ஏற்பில் இந்தியச் சிற்றூர் ஒன்றுக்கும் பங்குண்டு.

1798 டிசம்பர் 19 அன்று இரவு எட்டு மணியளவில், காசி வட்டாரத்தில் பேரொளியுடன் ஒரு தீக்கோளம் தோன்றியது. இடிமுழக்கம் போன்ற ஓசையைத் தொடர்ந்து கிராகுட் என்னும் ஊரருகே கற்கள் விழுந்தன. ஒன்று காவற்காரர் குடிசையின் கூரையைத் துளைத்தது. ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்பவர் ஊராரை விசாரித்து எழுதிய குறிப்பு லண்டன் ராயல் சொசைட்டியை எட்டியது. இத்தகைய கற்களை மின்னல் தாக்கிய நிலக்கற்கள் எனக் கருதியோர் அன்று பலர். காசி வானிலோ அன்று முகிலே இல்லை.

1802இல் எட்வர்டு ஹோவர்டு அக்கல்லை இங்கிலாந்து, இத்தாலி, பொகீமியா ஆகிய நாடுகளில் விழுந்த கற்களோடு பகுப்பாய்ந்தார். நான்கிலும் நிக்கல் கலந்த இரும்பு இருந்தது. நான்கும் தம்முள் ஒத்திருந்தன, அவை விழுந்த நிலத்தின் பாறைகளை ஒத்திருக்கவில்லை. மறு ஆண்டு பிரான்சின் லேக்ல் நகரருகே பெய்த கல்மழையை பியோ ஆராய்ந்தபின் ஐயம் பெரிதும் நீங்கியது.

1914 ஏப்ரல் 6 அன்று, கொல்லங்கோடும் அடங்கியிருந்த மலபார் மாவட்டத்தின் குற்றிப்புறத்தில் விண்கல் விழுந்தபோது, அது விண்ணிலிருந்து வந்ததா என்னும் வழக்கு முடிந்துபோயிருந்தது. அதை முடித்துவைத்த பெருமை ஆய்வகத்துக்கு மட்டும் உரியதன்று. விழுந்த நாளையும் பொழுதையும் இடத்தையும் ஊரார் உரைத்திராவிடில், ஹோவர்டின் கையில் இருந்தது பிறப்பிடம் தெரியாத வெறுங்கல்லே.