கல்வெட்டுக்கு எத்தனை வாசல்?

தென்காசி விசுவநாதர் கோயிலைப் பராக்கிரம பாண்டியன் கட்டத் தொடங்கியது 1446-ம் வருஷம். கோபுர வேலை 1457-ல் ஆரம்பமாயிற்று. அத்துடன் அவன் ஒரு விண்ணப்பத்தையும் கல்லில் வெட்டி வைத்தான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்தால், அதைப் போக்கிக் காப்பவர் யாராயிருந்தாலும் அவர்களைப் பணிகிறேன் என்பது அதன் கருத்து.

ஆயிரக்கணக்கான சாசனங்களுக்கு நடுவே இந்த ஒன்றை எப்படித் தேடிப் பிடிப்பது? 1919-ல் வி. ரங்காசாரியார் சென்னை மாகாணத்துக் கல்வெட்டுகளை மூன்று தொகுதிகளில் அட்டவணை போட்டார். அது ஊர்வாரியான வரிசை. திருநெல்வேலி ஜில்லாவைப் புரட்டினால் தென்காசியும் குற்றாலமும் அகப்படும். 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ராபர்ட் சூவெலின் நூலோ வருஷவாரியானது. ஊர் தெரிந்தவருக்கு ஒரு வாசல். காலம் தெரிந்தவருக்கு இன்னொரு வாசல்.

ஆனால் நம்மில் பலர் அரைகுறை ஞாபகத்துடன் வருகிறவர்கள்தாம். "ஏதோ காசி என்று வரும், பராக்கிரமன் என்று வரும்" என்பதற்கு மேல் நமக்குத் தெரியாது. எந்த வாசலில் போய்த் தட்டுவது?

இன்றைய கம்ப்யூட்டர் அட்டவணைகள் இதற்கு ஓர் உபாயம் செய்கின்றன. ஊர், அரசன், தெய்வம், வருஷம் என்று தனித்தனிக் கட்டங்களில் இருப்பதையெல்லாம் பிரதி எடுத்து, ஒரே பொதுக் கட்டத்திலும் கொட்டி வைக்கின்றன. எந்தச் சொல்லைக் கேட்டாலும் அந்தப் பொதுக் கட்டம் பதில் சொல்லும்.

சௌகரியந்தான். ஆனால் கலப்பில் ஆபத்தும் உண்டு. "விசுவநாதன்" என்று கேட்டால் தென்காசிச் சுவாமியும் வருவார், 16-ம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் வருவார். "பராக்கிரம பாண்டியன்" என்றாலோ, அந்தப் பெயர் கொண்ட பல அரசர்களும் கூட்டமாக வந்து நிற்பார்கள். குற்றாலத்தைத் தேடினால், இங்கிலீஷ் எழுத்தின் குழப்பத்தில் மாயூரத்துப் பக்கத்துக் குத்தாலம் எதிர்ப்படலாம்.

ஆகையால் பொதுக் கட்டம் இருக்கட்டும். தனிக் கட்டங்களும் அழியாமல் இருக்கவேண்டும். பொதுவில் தேடி நெருங்கிய பிறகு, ஊர் தென்காசி, அரசன் பராக்கிரமன், வருஷம் 1457 என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

குறையை நீக்கிக் காப்பவர் என்று பாண்டியன் நினைத்தது கல்லையும் சுண்ணாம்பையும் கையாளுகிறவர்களைத்தான். ஆனாலும் அவன் சொல் தொலைந்து போகாமல் கட்டம் கட்டமாகப் பதிந்து வைத்தவர்களுக்கும் அந்த வணக்கத்தில் ஒரு பங்கு சேரவேண்டியதே.