சந்தா கட்டுவோரும் தோள் கொடுப்போரும்: தொழில்முறைச் சங்கங்களில் தன்னார்வப் பணி

தொழில்முறைச் சங்கங்களின் செயற்குழுக் கூட்டங்களில் தவறாமல் ஒலிக்கும் குறை ஒன்று உண்டு: "இளைஞர்கள் முன்வருவதில்லை." இது குற்றத்தை வராதவர் மீது போட்டுவிடுகிறது. ஒருவர் சங்கப் பணிக்கு வருவதும், வந்தபின் தங்குவதும் அவருடைய மனப்பாங்கைவிடச் சங்கம் வேலையை வகுத்துக் கொடுக்கும் முறையையே பெரிதும் சார்ந்தவை என்பது இக்கட்டுரையின் வாதம். சென்னை நூலகச் சங்கத்தின் தொடக்க கால வரலாறு இதற்கு நல்ல சான்று.

பொருளியலாளர் மான்கர் ஆல்சன் 1965இல் வெளியிட்ட நூலில் கூட்டுச் செயல்பாட்டின் அடிப்படைச் சிக்கலை விளக்கினார். சங்கம் போராடிப் பெறும் பயன் உறுப்பினர் அல்லாதவருக்கும் கிடைத்துவிடுகிறது. எனவே உறுப்பினருக்கு மட்டுமே கிட்டும் தனிப்பயன் ஏதேனும் இல்லாவிட்டால் பெரிய குழுக்கள் இயங்குவது கடினம். இந்த விளக்கம் ஒருவர் ஏன் சந்தா கட்டுகிறார் என்பதற்குப் போதும். அவர் ஏன் ஞாயிற்றுக்கிழமையைச் சங்கத்துக்குத் தருகிறார் என்பதற்குப் போதாது. அந்த இரண்டாம் கேள்விக்குக் கிளாரி, ஸ்னைடர் முதலிய உளவியலாளர்களின் 1998ஆம் ஆண்டு ஆய்வு நெருங்கி வருகிறது. கொண்ட கொள்கை, கற்கும் ஆவல், பிறருடனான உறவு, தொழில் முன்னேற்றம், மனச்சுமையிலிருந்து விடுதலை, தன்மதிப்பு என ஆறு நோக்கங்களை அவர்கள் பிரித்துக் காட்டினர். எந்த நோக்கத்தோடு ஒருவர் வந்தாரோ அதை நிறைவேற்றும் வேலை கிடைத்தால் அவருக்கு நிறைவும், தொடரும் எண்ணமும் கூடுகின்றன என்பது அவர்களின் முக்கிய முடிவு. கற்க வந்தவரிடம் நாற்காலி அடுக்கும் வேலையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அவர் போய்விடுவார். அதில் அவர் பிழை எதுவும் இல்லை.

சென்னை நூலகச் சங்கம் 1928 ஜனவரியில் தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்றிருந்த சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் அதன் செயலாளர். முறையான பயிற்சி பெற்ற நூலகர்கள் அப்போது மாகாணத்தில் மிகச் சிலரே. ஆகவே தொழில் இருந்து சங்கம் பிறக்கவில்லை. சங்கம்தான் தொழிலை உண்டாக்க வேண்டியிருந்தது. 1929இல் அது நூலகர்களுக்கான கோடைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. ஆள் சேர்ப்பு என்ற கண்ணோட்டத்தில் இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் அறியேன். நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தேவைப்பட்ட கல்வியைச் சங்கம் கொடுத்தது. படித்து முடித்தவர் சங்கத்தின் கருத்துகளோடு ஊர் திரும்பினார். 1931இல் அந்தப் பயிற்சியைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது.

ஒரு வேலை முதிர்ந்ததும் அதை நிலையான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் இப்பழக்கத்தை நம் சங்கங்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. தொடங்கிய பணிகளையெல்லாம் ஆண்டாண்டாகச் சுமக்கும் சங்கத்தில் தன்னார்வலர் சோர்ந்துபோகிறார். முடிவு தெரியாத வேலைக்குப் புதியவர் கையை நீட்டத் தயங்குவார். ஒப்படைத்துவிட்டால் அடுத்த வேலைக்கு ஆட்கள் விடுபடுகிறார்கள். நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய ரங்கநாதனின் நூலை 1931இலும், நூல்களை வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்பு முறையை 1933இலும் வெளியிட்டது இதே சங்கம்தான். ஆளுக்கு ஏற்ற வேலை என்பதற்கும் அக்கால நூலக இயக்கத்தில் சான்று உண்டு. 1931 அக்டோபரில் மன்னார்குடியில் மாட்டு வண்டி நூலகம் சிற்றூர்களுக்குப் புறப்பட்டதற்குக் காரணமானவர், ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை. பொறியாளர் ஒருவருக்கு வண்டியை உருவாக்கும் வேலை எவ்வளவு பொருத்தமானது என்று சொல்ல வேண்டியதில்லை. நூலக இயக்கம் அவரை மேடையில் உட்கார வைப்பதோடு நின்றிருந்தால் அந்த வண்டி ஓடியிருக்காது.

இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. செயலாளர் பொறுப்பில் 1928 முதல் 1945 வரை ஒரே மனிதர் இருந்தார். அவருடைய உழைப்பின் அளவு வியப்புக்குரியது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதற்குப் பின்னாலும் அவ்வுழைப்பு இருக்கிறது. ஆனால் பதினேழு ஆண்டுகள் ஒருவரே தாங்கும் பொறுப்பை, அடுத்தவர் தம்மால் தாங்க முடியும் என்று எண்ணுவதில்லை. ஒருவரை ஒரே நாற்காலியில் நிறுத்திவைப்பதைத் தக்கவைத்தல் என்று நாம் கருதுகிறோம். பொறுப்பை விட்டவர் வேறொரு சிறு வேலையோடு சங்கத்துக்குள்ளேயே இருப்பதுதான் உண்மையான தக்கவைத்தல்.

1986 முதல் இணையத்தின் நெறிமுறைகளை வகுத்துவரும் இணையப் பொறியியல் பணிக்குழு, பொறுப்பு ஒருவரிடமே தங்கிவிடும் இச்சிக்கலுக்கு வேறு வழி கண்டது. அங்கே முறையான உறுப்பினர் பட்டியலே கிடையாது. கலந்துகொண்டு வேலை செய்பவரே அதன் ஆட்கள். தலைமைப் பொறுப்புகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவின் வாக்குரிமை பெற்ற பத்துப் பேரும், முன்வந்த தகுதியாளர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்படுகிறார்கள். பங்கேற்பாளர் பலருக்கு அவர்கள் பணிபுரியும் நிறுவனமே நேரமும் செலவும் தருகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். நம் தனியார் கல்லூரி நூலகருக்குச் சங்கக் கூட்டத்துக்கு ஒரு நாள் விடுப்பு வாங்குவதே பாடு. எனவே அம்முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் பொறுப்புக்குக் காலவரை வைப்பதும், ஆள் தெரிவைப் பழகிய முகங்களின் வட்டத்துக்கு வெளியே கொண்டுபோவதும் காசு செலவில்லாத காரியங்கள்.

நம் சங்கங்களில் வேர்விட்டிருக்கும் ஆயுள் சந்தா முறை என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது. ஒரே தடவையில் கிடைக்கும் தொகை வைப்புநிதிக்கு நல்லதுதான். ஆனால் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கும் வேளை, உறுப்பினர் சங்கத்தை எடைபோடும் வேளையும் ஆகும். புதுப்பிக்காதவரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்கலாம். ஆயுள் உறுப்பினர் விலகும்போது அதன் சுவடே பதிவாவதில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறது, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, கூட்டத்துக்கு வருபவர்களோ அதே சிலர். அப்போது எழுகிறது, இளைஞர்கள் முன்வருவதில்லை என்ற பழைய குறை.

சேவைக்குக் கைம்மாறு கருதலாமா என்று சிலர் கேட்பார்கள். கற்றலும் நட்பும் பெயரும் கூலி ஆகா. தாம் தொகுத்த அறிக்கையில் தம் பெயர் இருக்க வேண்டும் என்று ஓர் இளம் நூலகர் விரும்பினால் அது நேர்மையான விருப்பம். அதை மறுக்கும் சங்கம் அவருடைய அடுத்த அறிக்கையை இழக்கும்.

சங்கப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவில் வைக்கும் ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கோடு இன்னொரு பட்டியலையும் சேருங்கள்: இந்த ஆண்டு யார் யார் எந்த வேலையை எடுத்தார்கள், யார் இடையில் விட்டார்கள், என்ன காரணம் சொன்னார்கள். விட்டுப்போனவரை நேரில் கேட்டு எழுதுங்கள்.