விரும்பிக் கேட்டவர்கள்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட வெதுருகுப்பத்திலும் அதன் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும், வீட்டில் ஒரு பாஷையும் சந்தையில் மற்றொரு பாஷையும் பேசிப் பழகிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. தாம் கேட்டு மகிழ்ந்த ஸங்கீதத்தைப் பிறரிடம் சொல்லி, அது ஏன் பிடித்தது என்பதையும் எடுத்துரைக்கும் சம்பிரதாயத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுவோருக்கு இதைவிடப் பொருத்தமான பிரதேசம் கிடைப்பது அரிது. ஏனெனில் பாட்டு இங்கே பாஷையின் எல்லைக்குள் ஒருபோதும் அடங்கி நின்றதில்லை.

வெதுருகுப்பத்தை அடுத்துள்ள கார்வேட்டிநகரம் ஒரு காலத்தில் ஜமீன் ஸமஸ்தானமாக விளங்கிற்று. அங்குக் கோயில் கொண்ட வேணுகோபால ஸ்வாமியின் மீது சாரங்கபாணி இயற்றிய தெலுங்குப் பதங்களும், அந்த ஸமஸ்தானத்தோடு தொடர்புடைய கோவிந்தஸாமய்யாவின் வர்ணங்களும் தமிழ்நாட்டு வித்வான்களின் வாயிலும் நாட்டியக்காரரின் அரங்கிலும் நிலைபெற்றன. அச்சுப் புத்தகமோ ஒலித்தட்டோ இல்லாத அந்நாட்களில் ஒரு பதம் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போக வேண்டுமானால், அதைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்த ஒருவர் பாடம் பண்ணிக்கொண்டு போய் மற்றொருவருக்குப் பாடிக் காட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே பாட்டைக் கொடுப்பதும், அதன் அருமையைச் சொல்வதும் ஒரே காரியமாக இருந்தன.

அவ்வாறு சொல்வார் இல்லாது போனால் என்ன நேரும் என்பதற்குத் திருமலையே சாட்சி. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியரின் (1408–1503) ஸங்கீர்த்தனங்கள் ஆயிரக்கணக்கில் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலிலேயே பத்திரமாக இருந்தன. ஒவ்வொரு பாட்டுக்கும் ராகத்தின் பெயர்கூடப் பொறிக்கப்பட்டிருந்தது. இருந்தும் அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றின் மெட்டு நாளடைவில் மறைந்துபோயிற்று. இருபதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் அவ்வேடுகளைப் படித்துப் பதிப்பித்த பின்னர், ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா போன்றோர் புதிதாக ஸ்வரப்படுத்திப் பாடிக் காட்டியதனாலேயே அவை மறுபடி மனிதர் காதில் விழுந்தன. செம்பு எழுத்தைக் காப்பாற்றியது. நாதத்தைக் காப்பாற்ற அதனால் முடியவில்லை.

கேட்டதைச் சொல்லும் பழக்கத்தைத் தமிழில் அச்சேற்றி, அதற்கு ஓர் இலக்கிய அந்தஸ்தும் தேடித் தந்தவர் கல்கி. ஆனந்த விகடனில் 1930-களில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிவந்த ‘ஆடல் பாடல்’ பகுதியைப் படித்தவர்களில் அநேகர், சென்னைக் கச்சேரி மண்டபம் ஒன்றினுள்ளும் கால் வைத்தறியாதவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் இன்ன வித்வானின் இன்ன ராகம் நன்றாக அமைந்தது என்பதோடு நில்லாமல், அது ஏன் நன்றாயிருந்தது, எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது என்பதையெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுவதுபோல் அவர் எழுதினார். சாஸ்திரம் கற்காத ரஸிகனுக்கும் அபிப்பிராயம் உண்டு, அதைச் சொல்ல அவனுக்குப் பாத்தியதையும் உண்டு என்ற தைரியத்தைத் தமிழருக்கு ஊட்டியது அந்த எழுத்து. அவருடைய நாவல்களுக்கு ஈடாக நான் அதை மதிக்கிறேன்.

ஆயினும் பத்திரிகையில் சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர். கேட்பவர் ஒவ்வொருவரும் சொல்பவராகவும் ஆனது வானொலியினால். அதுவும் நம் நாட்டு வானொலியால் அன்று, கடல் கடந்த இலங்கை வானொலியால். 1952-ல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டுக்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விலக்கிவிட்டார். சாஸ்திரீய ஸங்கீதத்தின் மேன்மையில் அவருக்கிருந்த நம்பிக்கை உண்மையானதே. ஆனால் விருப்பத்தை உத்தரவினால் உண்டாக்க முடியாது. யுத்த காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட சக்தி வாய்ந்த ஒலிபரப்புக் கருவி கொழும்புக்கு அருகே ஏக்கலையில் இருந்தது. 1950-ல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலியை நோக்கி இந்தியாவின் வானொலிப் பெட்டிகள் திரும்பின. ஹிந்தியில் அமீன் ஸயானி, தமிழில் எஸ்.பி. மயில்வாகனன், தெலுங்கில் மீனாக்ஷி பொன்னுத்துரை ஆகியோரின் குரல்கள் வீட்டு மனிதர்களின் குரலைப்போல் பரிச்சயமாயின. தமிழும் தெலுங்கும் அறிந்த சித்தூர் ஜில்லாக் குடும்பங்களுக்கு இதனால் இரட்டை லாபம். 1960-ல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்று, வரைபடத்தில் கோடு ஒன்று விழுந்தது. வானொலி முள்ளைத் திருப்பியவர்களுக்கு அந்தக் கோடு தட்டுப்படவில்லை.

அந்த வானொலி யுகத்தின் மெய்யான ஆவணம், விரும்பிய பாட்டைக் கேட்டு நிலையத்துக்கு நேயர் எழுதிய அஞ்சலட்டை. அதில் எழுத இடமோ சொற்பம். பாட்டின் முதலடி, படத்தின் பெயர், பாடியவர் பெயர், இவற்றின் கீழே கேட்பவர்களின் பெயர்ப் பட்டியல். அப்பா, அம்மா, அத்தை, மாமா, தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுக் குழந்தை என்று அது நீண்டு, இடம் போதாமல் ஓரத்தில் குறுக்கே திரும்பி முகவரிப் பக்கத்தையும் எட்டிப் பார்க்கும். அறிவிப்பாளர் அத்தனை பெயரையும் ஊர்ப் பெயரோடு வாசிப்பார். சில சமயம் பாட்டு ஓடும் நேரத்தில் பாதியைப் பெயர்களே பிடித்துக்கொள்ளும். அதைக் கேட்டு முகம் சுளித்த ரஸிகர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி அல்ல. பிறந்த நாளுக்காக, பரீட்சையில் தேறியதற்காக, கல்யாணம் ஆகிப் போன அக்காளுக்காக என்று காரணத்தோடு பாட்டுக் கேட்ட அந்த ஜனங்கள், கல்கி நீண்ட கட்டுரையில் செய்ததை இரண்டு வரியில் செய்தார்கள். அரசாங்கப் பதிவேட்டில் வரிப் புள்ளியாக மட்டும் இருந்த சிற்றூர், அந்தச் சில விநாடிகளில் ஒரு தேசத்தின் காதில் ஒலித்தது. அந்நாளில் பீஹாரில் இருந்த அப்ரகச் சுரங்க ஊராகிய ஜும்ரி திலையா இன்றும் வடநாடெங்கும் அறியப்பட்டிருப்பது அப்ரகத்தினால் மட்டுமன்று, அங்கிருந்து பாட்டுக் கேட்டு எழுதிக் குவித்த நேயர்களினாலும்தான்.

தில்லியும் இறுதியில் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ம் தேதி, சினிமாப் பாட்டுக்களுக்கும் இடம் தந்த விவித பாரதி தொடங்கிற்று. பிரமுகர் ஒருவர் தமக்கு உகந்த பாட்டுக்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி ஒலிபரப்பும் முறையும் பின்னர் அதில் இடம்பெற்றது. தமிழ் நேயர்கள் ‘தேன்கிண்ணம்’ மூலம் அதை அறிவார்கள். ஆங்கில நாட்டில் பி.பி.சி. 1942-லேயே இத்தகைய ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியிருந்தது: தனித் தீவில் ஒதுங்க நேர்ந்தால் எந்த எட்டு ஒலித்தட்டுக்களை உடன் கொண்டுபோவீர் என்று விருந்தினரைக் கேட்பார்கள். அந்தத் தீவில் மனிதன் தனியே இருந்து கேட்கிறான். நம்முடைய அஞ்சலட்டையிலோ தனி மனிதன் ஒருவன் கையெழுத்திட்டது அபூர்வம்.

ஒலிநாடா வந்த பிறகு அதே பட்டியல் வேறு வாசலுக்குப் போயிற்று. 1980-களில் சிறு பட்டணங்களிலெல்லாம் தோன்றிய ‘ரெக்கார்டிங்’ கடைகளில், வானொலியில் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்த பாட்டுக்களை ஒரு தாளில் எழுதிக் காலிக் கேஸட்டோடு கொடுத்துவிட்டு, சொன்ன நாளில் போய் வாங்கி வருவார்கள். அறுபது நிமிஷ நாடாவில் பக்கத்துக்கு அரை மணி. அதற்குள் எத்தனை பாட்டு அடங்கும் என்ற கணக்கு ரஸிகர்களுக்கு மனப்பாடம். கணக்குத் தவறினால் கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துபோகும். மாறாக நாடா மிஞ்சினால், அதை வெறுமையாக விட மனமில்லாத கடைக்காரர் தமக்குப் பிடித்த பாட்டு ஒன்றைக் கேளாமலே சேர்த்துவிடுவார், வாடிக்கைக்காரரும் அடுத்த வாரம் வந்து, “அந்தக் கடைசிப் பாட்டு எந்தப் படம், அண்ணா?” என்று விசாரித்து, அதைப் பாடியவரின் வேறு பாட்டுக்களைப் புதிய தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்.