பெயரும் கைவினையும்

மகப்பேறு வாய்த்த இல்லத்தே முதற்கண் எழும் வினா, "குழவிக்கு என்ன பெயர் இடுவது?" என்பதாம். அக்குழவி வளர்ந்து கையும் கண்ணும் தன்வயப்பட்ட பின்னர் எழும் வினா, "இதற்கு என்ன தொழில் பயிற்றுவது?" என்பதாம். பிறந்த குடியே இவ்விரண்டையும் வரையறுத்துவிடும் என்று நம்மவருட் பலர் இன்றும் கருதுகின்றனர். பண்டை வழக்கும் அதுவே என்று சாதிக்கின்றனர். மதுரையின் பழைமை அங்ஙனம் சான்று பகர்கின்றதா என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பெயரிடுதற்கண் நம் முன்னோர் கைக்கொண்ட முறை ஒன்று சொல்லிலேயே பொதிந்து கிடக்கின்றது. மகன் மகனைப் 'பேரன்' என்கின்றோம். அது 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்பது பொருள். ஒரே பெயர் ஒரு குடியில் மீண்டும் வருமிடத்து மூத்தோனையும் இளையோனையும் பிரித்தறிய ஓர் அடை வேண்டுமன்றோ? கரூரையடுத்த புகழூர்க் கல்வெட்டில் ஆதன் செல்லிரும்பொறை என்னும் சேரவேந்தனும், அவன் மகன் பெருங்கடுங்கோவும், அவன் மகன் இளங்கடுங்கோவும் கூறப்படுகின்றனர். பெரும், இளம் என்னும் அடைகளே தந்தையையும் மகனையும் அங்கு வேறுபடுத்தி நிற்கின்றன.

இனித் தொழிலுக்கு வருவோம். மதுரைக்கு வடக்கே அழகர்மலையில், கிடாரிப்பட்டியை அடுத்த குகைத்தளத்தில், சமண முனிவர் பொருட்டுக் கொடையளித்தோர் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. அவை கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியன என்பது கல்வெட்டறிஞர் கருத்து. மதுரைப் பொற்கொல்லன் ஆதன், உப்பு வணிகன் வியக்கன், வெல்லம் விற்கும் பணித வணிகன் நெடுமலன், கலப்பைக்குரிய கொழு விற்கும் வணிகன் இளஞ்சந்தன் ஆகியோரை அங்கே காண்கின்றோம். இவர்கள் தம் தொழிலை மறைத்தாரல்லர். பெருமையுடன் கல்லிற் பொறித்தனர். ஆயினும் தொழிலைப் பெயருக்கு முன் அடையாக வைத்தனரேயன்றிப் பெயராகவே வைத்திலர். 'ஆதன்' என்பது பெயர். 'பொற்கொல்லன்' என்பது அவன் கைத்திறம். முன்னது பெற்றோர் இட்டது. பின்னது அவன் கற்றது.

இன்னும் நோக்குக. பொற்கொல்லனுக்குரிய அவ் 'ஆதன்' என்னும் பெயரே புகழூரிற் சேரவேந்தன் பெயராகவும் நிற்கின்றது. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் 2015-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்விற் கிடைத்த பானையோடுகளிலும் 'ஆதன்' என்னும் பெயர் கீறப்பட்டுள்ளது. வேந்தனும் கொல்லனும் பானைக்குரியோனும் ஒரு பெயரைத் தாங்கினரெனின், 'இப்பெயர் எம் குடிக்கே உரியது, நீ இடற்க' என்று விலக்கும் வேலி அன்று இருந்தது என்பது எங்ஙனம் பொருந்தும்?

கீழடி மண் மற்றோர் உண்மையையும் தருகின்றது. பெயர் கீறிய ஓடுகள் கிடைத்த அவ்வூரிலேயே நூல் நூற்கும் தக்களிகளும், எலும்பால் இயன்ற கூர்முனைக் கருவிகளும் கிடைத்துள்ளன. ஓடுகளில் உள்ள எழுத்துக்கள் பல கைகள் எழுதியன. எழுத்தறிவும் கைவினையும் ஓரூரில் ஒருங்கு வாழ்ந்தன என்பது இதனாற் பெறப்படும்.

சங்கப் புலவர் பெயர்களும் இதற்கு அரண் செய்வன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தவசம் விற்றவர். மதுரைக் கொல்லன் வெண்ணாகனார் உலைக்களத்தில் உழைத்தவர். கூலம் அளந்தவரை மணிமேகலை பாடாதே என்று தடுத்தார் எவருமிலர். தொழில் அவர்க்கு அடைமொழியாயிற்றேயன்றி அடைப்பாயிற்றில்லை.

அண்மைக் காலத்துச் சான்றுக்கு மதுரையையடுத்த விளாச்சேரியை நோக்குவோம். 1870-ஆம் ஆண்டு அங்குப் பிறந்த சூரியநாராயண சாத்திரியார், தம் பெயரின் ஒவ்வோர் உறுப்பையும் தமிழாக்கிப் 'பரிதிமாற்கலைஞன்' என்று புனைந்துகொண்டார். 1929-ஆம் ஆண்டிற் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப்பட்டத்தைப் பெயரினின்றும் நீக்குக என்று தீர்மானித்தது. பெற்றோர் இட்ட பெயரும் ஆராய்ந்து மாற்றத்தக்கதே என்பதை இவை காட்டும். அவ்விளாச்சேரியே கொலுப்பொம்மைக்கும் பேர்பெற்றது. மண்ணைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, நிழலில் உலர்த்தி, சூளையிற் சுட்டு, வண்ணந் தீட்டும் அவ்வினையில் நாவன்மைக்கு இடமில்லை. விரலின் அறிவே அறிவு. புலமைக்கும் மண்வினைக்கும் ஓரூரே தாயகமாயிற்று.

மதுரைச் சுங்குடியும் அத்தகையதே. நாயக்கர் காலத்து இங்குக் குடியேறிய சௌராட்டிரர் வளர்த்த கலை அது. துணியை மடித்து, நகத்தாற் சிறிது கிள்ளி எடுத்து, நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் தோய்த்து, உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் கட்டிய இடம் வெண்புள்ளியாய்ப் பூக்கும். ஒரு சேலைக்குப் பல்லாயிரம் முடிச்சு வேண்டும். புதிதாய்ப் பயில்வோர் கட்டும் முடிச்சு நெகிழும், உள்ளே சாயம் புகும், புள்ளி மங்கும். மீண்டும் மீண்டும் கட்டியே விரல் பழகும். "இத்தகைய வினையை அயலார்க்குக் கற்பித்தால் நம் பிழைப்பு என்னாம்?" என்று வினவுவார் உளர். சுங்குடிக்குக் கேடு சூழ்ந்தது பயில வந்த கையாலன்று; முடிச்சின்றிப் புள்ளியை அச்சிட்டு, அதே பெயரால் விற்ற வாணிகத்தால் என்க. 2005-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். முடிச்சைக் கட்டக் கை வேண்டுமன்றோ?

அங்ஙனமாயின் எல்லாச் சிறாரும் தத்தம் தந்தையின் தொழிலைப் பயில்க என்போமா? அதன் விளைவை நாடு கண்டுள்ளது. 1953-ஆம் ஆண்டு இராசாசி அவர்கள் சென்னை மாகாணத்து நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் புகுத்தினார். பள்ளிநேரம் குறுகியது, எஞ்சிய பொழுதிற் குழந்தை பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும் என்றாயிற்று. 'குலக்கல்வி' என்று பெயர்பெற்ற அத்திட்டம் கடும் எதிர்ப்புக்கு உள்ளாகி, காமராசர் முதலமைச்சரான 1954-ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டது. கைத்தொழில் இழிந்தது என்பதன்று எதிர்த்தோர் கருத்து. பிறப்பே தொழிலைக் கட்டும் என்பதையே அவர் மறுத்தனர். 1937-ஆம் ஆண்டு வார்தாவில் வகுக்கப்பட்ட ஆதாரக்கல்வியோ, கைத்தொழிலைப் பள்ளிக்குள்ளேயே எல்லார்க்கும் பொதுவாக வைத்தது. ஒன்று வீட்டு வாயிலிற் குழந்தையை நிறுத்தியது. மற்றொன்று பள்ளிக்குள் தொழிலை அழைத்தது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

கற்றற்கு அகவை கடந்துவிட்டது என்று பெரியோர் சோம்பியிருத்தலும் வேண்டா. கைந்நூலை நாட்டுக்கு உபதேசித்த காந்தியடிகள், 1909-ஆம் ஆண்டு அதுபற்றி எழுதிய காலத்துக் கைத்தறியையோ இராட்டையையோ கண்டதாக நினைவில்லை என்று தம் சரிதையிற் கூறுகின்றார். ஏறத்தாழ ஐம்பதாம் அகவையில் தொடக்க மாணாக்கராய் நூற்கப் பயின்றார். 1921-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவர் ஏழை உழவர் உடையாகிய அரைத்துணியைப் பூண்டதும் இம்மதுரையிலேயாம்.

ஆதலின் நம்மவர்க்கு யாம் கூற விழைவது இதுவே. குழவிக்குப் பாட்டன் பெயரை இடினும் புதுப்பெயரை இடினும், பொருள் விளங்குவதாய், அழைக்க எளியதாய், பின்னாளில் அக்குழவி நாணாததாய் அமைக. பெயரின் வாலிற் குடியைக் கட்டற்க. குழவி வளர்ந்தபின், நம் குடித்தொழிலாயினும் அயற்குடித் தொழிலாயினும், அதன் விரல் விரும்பும் ஒரு கைவினையை ஆணென்றும் பெண்ணென்றும் பாராது பயிற்றுக. நம் வினையைக் கற்க அயற்சிறார் வரின் வாயிலை அடைக்காது திண்ணையில் இடங் கொடுக்க. அழகர்மலைக் கல்லில் நிற்கும் ஆதன் எக்குடியினன் என்பது அக்கல்லில் இல்லை. அவன் பெயரும் அவன் கைத்தொழிலுமே இரண்டாயிரம் ஆண்டு நின்றுள்ளன.